ஒரு மரம்கூட இல்லாத படத்தில் பேச்சிப்பாறை தெரிந்தது எப்படி?

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கும் கேள்வியை, பின்னால் படிக்க வருபவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவர் பல வருடங்களாகப் பேச்சிப்பாறை, கோதையாறு, காளிகேசம் பக்கத்து மலைகளையும் காட்டையும் வாட்டர்கலரில் வரைந்துவருகிறார். இலை இலையாக, பாறை பாறையாக உழைப்பவர். அண்மையில் நாகர்கோவிலில் ஒரு கண்காட்சிக்குத் தாயாரை அழைத்துச் சென்றிருக்கிறார். அங்கே ஒரு கான்வாஸில் குறுக்காக நான்கைந்து நிறப்பட்டைகள், கத்தியால் இழுத்த சில கீறல்கள், மேலே சாம்பல் நீலத்தில் இரண்டு மூன்று திட்டுகள். மரம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. தலைப்பைப் படிப்பதற்கு முன்பே தாயார் “பேச்சிப்பாறை அணையல்லவா இது?” என்று கேட்டுவிட்டார். அதே தாயார், மகன் மரம் மரமாக வரைந்து வீட்டில் மாட்டியிருக்கும் பேச்சிப்பாறையைப் பார்த்து “எந்த ஊர் அணை?” என்று கேட்டவர். அரை அரூப ஓவியம் (பொருளை அப்படியே காட்டாமலும் முழுக்க விட்டுவிடாமலும் வரைவது) என்பது விவரங்களை அழித்துவிடுவது மட்டும்தானா, என் மலைகளை நானும் அப்படி வரைய முடியுமா என்று நண்பர் கேட்கிறார். இதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுவது வேறு: விவரங்களை விட்டுவிட்ட பிறகு, ஓர் இடத்தை அந்த இடமாகவே நிறுத்திவைப்பது எது?

சென்னை அரசினர் கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தேன். அதன்பின் பூதப்பாண்டியில் தங்கி, இந்த மலைகளை மட்டுமே பெரும்பாலும் வரைந்துவருகிறேன். பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லியும் கொடுக்கிறேன். நண்பரின் படங்களை நான் பார்த்ததில்லை, அந்தக் கண்காட்சிப் படத்தையும் பார்த்ததில்லை. ஆகவே அவர் எழுதியிருக்கும் விவரிப்பை வைத்துத்தான் பேசுகிறேன். கடலை வரைவது என் துறை அல்ல. கணினியில் வரைவதும் அல்ல. இவை இரண்டிலும் என் சொல்லை நம்ப வேண்டாம்.

தூரத்தில் வரும் ஆளை, முகம் தெரிவதற்கு வெகு முன்பே, நடையை வைத்து இன்னார் என்று சொல்லிவிடுகிறோம். தாயார் செய்தது அதைத்தான். பேச்சிப்பாறைக்கு ஒரு நடை இருக்கிறது. அந்தக் கான்வாஸை வரைந்தவர் முகத்தை விட்டுவிட்டு நடையைப் பிடித்திருக்கிறார். நண்பரோ முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் வரைந்திருக்கிறார். ஆனால் அந்தச் சுருக்கங்கள் எல்லா முகத்திலும் இருப்பவை.

பேச்சிப்பாறையின் நடை என்று எதைச் சொல்கிறேன்? கோதையாற்றின் குறுக்கே 1906இல் கட்டி முடிக்கப்பட்ட அணை அது. முழுக் கொள்ளளவில் நீர்மட்டம் 48 அடி. நம் நாளிதழ்களில் பேச்சிப்பாறை இத்தனை அடி, பெருஞ்சாணி இத்தனை அடி என்று தினமும் வருகிறதே, அந்தக் கணக்கை ஓர் ஓவியர் நிறக் கணக்காகப் படிக்க வேண்டும். நீர் நிறைந்திருக்கும்போது காடு நேரே தண்ணீரில் இறங்குகிறது. பச்சையும் நீரும் ஒட்டிக்கொள்கின்றன. கோடையில் மட்டம் இறங்க இறங்க, நீருக்கும் காட்டுக்கும் நடுவில் மரமில்லாத செம்மண் பட்டை ஒன்று வெளியே வருகிறது. அணையைச் சுற்றிலும், நடுவில் நிற்கும் திட்டுகளைச் சுற்றிலும், அந்தப் பட்டை ஒரே உயரத்தில் போகிறது. அதற்கு மேலே காட்டின் அடர்பச்சை. அதற்கும் மேலே ஒன்றன்பின் ஒன்றாக மலை வரிசைகள். பின்னால் போகப் போக வெளிறுகின்றன. கீழே அகலமான வெளிர் நீர், நடுவே ஒடுங்கிய செம்பட்டை, மேலே அடரும் பிறகு வெளிறும் மலைகள்: இந்த வரிசையும், இவற்றுக்கு இடையிலான அகல விகிதமும் சேர்ந்ததுதான் பேச்சிப்பாறை. அந்தக் கரையில் வளர்ந்தவர்கள் இதை ஒருபோதும் வாயால் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியும். விகிதம் சரியாக இருந்தால் நான்கு பட்டை போதும். விகிதம் தவறினால் நாலாயிரம் இலை வரைந்தாலும் போதாது. நண்பரின் படத்தில் நடந்திருப்பது இதுதான் என்று ஊகிக்கிறேன். ஒவ்வொரு மரத்துக்கும் இடம் கொடுப்பதற்காக அவர் காட்டைப் பெரிதாக்கியிருப்பார். செம்மண் பட்டை மெலிந்திருக்கும் அல்லது மறைந்தே போயிருக்கும்.

ஆகவே அழிப்பது என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். எல்லா மலைக்கும் பொதுவாக இருப்பதைப் படத்திலிருந்து விலக்கலாம். இந்த ஒரு மலைக்கு மட்டும் உரியதை விடவே கூடாது. இலைகள் பொது. மேகங்கள் பெரும்பாலும் பொது. பாறைப் பிளவுகள் பொது. மருந்துவாழ் மலைக்கு உரியது என்ன? சுற்றிலும் தென்னையும் வயலும் குளமும் தட்டையாகப் படுத்திருக்க, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் அது ஒற்றையாக எழுந்து நிற்கிறது. அந்தத் திடீர்த்தன்மைதான் அதன் சொத்து. அனுமன் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று ஊரில் சொல்வதும் அந்தத் திடீர்த்தன்மையைப் பார்த்துப் பிறந்த கதையாகவே இருக்க வேண்டும். எனவே அதை வரையும்போது அடிவாரத்து மரங்களைக் கூட்டி, மலையை மெல்ல மெல்ல உயர்த்திக் காட்டினால், எவ்வளவு அழகாக வரைந்தாலும் அது வேறு மலை. வேளிமலை நேர் எதிர். அது நீண்டு கிடக்கும் மலை. அதில் உச்சி என்று எதையாவது பெரிதுபடுத்தினால் கெட்டுப்போகும். மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. பல நாட்களில் மேகம் அதன் மேல்பாதியை எடுத்துக்கொண்டு விடும். அதை முழுதாக வரைந்த படங்களைவிட, மேல்பாதி இல்லாமல் வரைந்த படங்களில்தான் அதன் உயரம் எனக்குத் தெரிந்திருக்கிறது.

இதை நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் வெளியிலிருந்து வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. என் வீட்டு மாடியில் நின்றால் தாடகை மலை தெரியும். இராமன் அம்பால் விழுந்த தாடகை மல்லாந்து கிடப்பதாக இங்கே எல்லாரும் சொல்வார்கள். தலை, மார்பு, வயிறு, கால் என்று குழந்தைகூட விரலால் காட்டும். அந்த உருவத்தைப் பார்ப்பதற்குக் கண் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று யோசியுங்கள். மலையின் மேலிருக்கும் மரங்களை, பாறைகளை, சரிவில் இறங்கும் ஓடைகளை எல்லாம் தள்ளிவிட்டு, வானம் வெட்டும் ஒற்றைக் கோட்டை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அரை அரூப ஓவியர் செய்யும் வேலையின் முதல் பாதி அதுவேதான். இரண்டாவது பாதியில் அவர் இன்னும் ஓரடி தள்ளிப் போகிறார்: அந்தக் கோட்டை ஒரு பெண்ணாகவும் ஆக்காமல், மலையாகவும் முழுக்க ஆக்காமல், நிறமும் எடையும் ஓட்டமுமாகவே நிறுத்துகிறார். திணைக் கவிதையை எழுதியவர்களும் நிலத்தை முழுதாக விவரித்தவர்கள் இல்லை. குறிஞ்சி என்றால் ஒரு யாமம், ஒரு பூ, ஒரு சுனை. அவ்வளவில் மலை வந்துவிடுகிறது, அதோடு ஒரு மனநிலையும் வந்துவிடுகிறது. எதை எடுப்பது என்பதில்தான் அவர்களுடைய திறமை எல்லாம் இருந்தது.

பழகிய மலையைத் திரும்பத் திரும்ப வரைந்து இந்த இடத்துக்கு வந்தவர்கள் உலகில் நிறைய. பிரான்ஸின் தெற்கில் தான் பிறந்த ஏக்ஸ் நகரத்தின் அருகிலுள்ள செயின்ட் விக்டுவார் மலையை ஓவியர் செசான் 30க்கும் மேற்பட்ட எண்ணெய் வண்ணப் படங்களில் வரைந்தார். கடைசிக் காலத்துப் படங்களில் மரமும் வீடும் வயலும் சிறுசிறு தூரிகைத் திட்டுகளாகிவிடுகின்றன. ஆனால் மலையின் சரிவு மட்டும் அசைவதில்லை. மோந்திரியான் 1908க்குப் பின் நான்கைந்து வருடங்களில் மரத்தை மரமாகத் தொடங்கி, கிளைகளுக்கு இடையிலிருக்கும் வெற்றிடங்களின் வலையாகக் கொண்டுபோய் முடித்தார். உங்கள் கேள்விக்கு எல்லாரையும்விட நெருக்கமானவர் என்று நான் நினைப்பது கனடாவின் எமிலி கார். மேற்குக் கடற்கரையில் விக்டோரியா நகரில் பிறந்தவர். பிற்காலத்தில் அந்த ஊரைச் சுற்றியிருந்த ஊசியிலைக் காடுகளையே பெரும்பாலும் வரைந்தார். 1930களில் எண்ணெய் வண்ணத்தைப் பெட்ரோலில் கரைத்து மலிவான மணிலா காகிதத்தில் வேகமாக வரையத் தொடங்கினார். வண்ணம் நீர்போல ஓடியதால் கை முழு வீச்சில் போனது. மரங்கள் தனித்தனி மரங்களாக நிற்காமல், காடு முழுவதும் ஒரே அசைவாக எழுந்தது. அங்கே மரம் வெட்டப்பட்ட இடங்களையும் அடிக்கட்டைகளையும் அவர் ஒதுக்கவில்லை. நம் மலையோரங்களை வரைபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் ராம்குமாரை முதலில் பாருங்கள். 1950களில் நகரத்து மனிதர்களின் சோக முகங்களை வரைந்தவர், 1960இல் காசிக்குப் போய்வந்த பிறகு மனிதர்களைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார். படித்துறைகளும் வீடுகளும் ஒன்றன்மேல் ஒன்று சரிந்த கட்டிகளாகின. பின்னர் மலை நிலங்களை வரைந்தபோதும் அந்தக் கட்டிகள் கூடவே வந்தன. ராஸா மத்தியப் பிரதேசத்தில் காட்டிலாகாவில் பணிபுரிந்தவரின் மகன். 1950இல் பிரான்ஸுக்குப் போனவர். 1970களில் அவர் பாரீஸில் இருந்துகொண்டு வரைந்த மண்ணும் இருளும் தீயும் கலந்த படங்களில் சிறுவயதுக் காடு இருக்கிறது, ஒரு மரமும் இல்லாமல். சென்னையில், கே.சி.எஸ். பணிக்கர் தொடக்கத்தில் கேரளத்தின் தென்னையையும் நீர்நிலைகளையும் வரைந்தவர். அவர் முன்னின்று 1966இல் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தையும் அந்தத் தலைமுறையையும் பற்றிப் பேசும்போது பலர் அந்த ஆரம்ப நிலக்காட்சிகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கறுப்பு மைக் கோடுகளால் காந்தியை வரைந்து பெயர்பெற்ற ஆதிமூலம், பிற்காலத்தில் கோட்டையே விட்டுவிட்டு நிறப்பரப்புகளுக்குள் போனார். அவற்றில் வயலையும் பாறையையும் வெயிலையும் உணர்கிறவர்கள் உண்டு, நானும் அதில் ஒருவன். இவர்கள் அனைவரிடமும் ஒன்று பொது: விடுவதற்கு முன்பு நிறைய வைத்திருந்தார்கள். நண்பரின் இத்தனை வருட இலைகளும் பாறைகளும் வீண் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவைதான் மூலதனம்.

இனி, உறுதியாகச் சொல்லக்கூடியவற்றையும் என் கருத்தாக மட்டும் சொல்லக்கூடியவற்றையும் பிரிக்கிறேன். காற்றும் ஒளியும் செய்வது உறுதி. தூரத்து மலை நீலமாகத் தெரிவது, நடுவிலிருக்கும் காற்று நீல ஒளியை மற்ற நிறங்களைவிட அதிகமாகச் சிதறடிப்பதால். காற்றில் ஈரத்துளிகள் கூடினால் கதை மாறுகிறது. துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் ஒரேபோலச் சிதறடிப்பவை, ஆகவே மலை வெளுக்கிறது. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை நாட்களில் பேச்சிப்பாறைக்குப் பின்னாலிருக்கும் வரிசைகள் நீலமாக இருப்பதில்லை, பால்சாம்பலாக இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரிக் காலையில் அதே வரிசைகள் கத்தியால் வெட்டிய நீலமாக நிற்கின்றன. இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. மேற்கே விளவங்கோடு, கல்குளம் பகுதிகளுக்கு மழை அதிகம், கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளுக்குக் குறைவு. இதனால் ஒரே நாளில் மேற்கே மூடிய நிறங்களையும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் உலர்ந்த, கூர்மையான நிறங்களையும் பார்க்க முடிகிறது. எல்லா மலையையும் ட்யூபிலிருந்து பிதுக்கிய ஒரே நீலத்தில் வைப்பவர் இந்த மாவட்டத்தை வரையவில்லை. ஆரல்வாய்மொழியில் இன்னொன்றும் உண்டு: காற்று. முப்பந்தலில் காற்றாலைகள் வந்து நின்றதற்குக் காரணமான அதே காற்றுதான் அங்குள்ள புல்லையும் முள்மரங்களையும் ஒரு பக்கமாகச் சாய்க்கிறது. தூரிகை இழுப்புகள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருந்தால், காற்றாலை ஒன்றுகூட இல்லாமலே படத்தில் காற்று வீசும்.

கண் முதலில் பிரித்தறிவது வெளிச்சத்தையும் இருட்டையும், அதாவது டோனை; நிறத்தின் பெயர் அதற்குப் பிறகுதான் என்பதும் பழக்கத்தில் நூறு முறை சோதித்த விஷயம். நம் மேற்குப் பகுதியின் பெரிய தொல்லை பச்சை. காடு பச்சை, ரப்பர் பச்சை, வாழை பச்சை, வயல் பச்சை. எல்லாப் பச்சையும் ஒரே டோனில் விழுந்துவிட்டால் படம் தட்டையாகிவிடும். பச்சைகளை வகைவகையாகக் கலப்பதைவிட, அவற்றின் டோனைப் பிரிப்பது மேல். காட்டைப் பச்சையாகவே வைக்க வேண்டும் என்பதும் இல்லை. டோன் சரியாக இருந்தால் கருநீலமும் கருஞ்சிவப்பும்கூடக் காடாக நிற்கும்.

ரப்பரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மலையோரங்களில் தூரத்திலிருந்து காடு என்று தெரிவது பல இடங்களில் ரப்பர்த் தோட்டம்தான். நிறத்தை வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம். தாளத்தை வைத்து எளிது. தோட்டத்துக்குள் நின்றால் சம இடைவெளியில் நெட்டுக்குத்தான தண்டுகள், எல்லாத் தண்டிலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் பால்வெட்டின் சாய்ந்த கோடு. கீரிப்பாறை தாண்டிக் காட்டுக்குள் பார்த்தால் இடைவெளி எதுவும் திரும்ப வருவதில்லை. ஒரு பெருமரம், அதைச் சுற்றி நெருக்கம், பிறகு பாறை, பிறகு ஈற்றை என்னும் சிறுமூங்கில் புதர். ஒன்று எண்ணக்கூடியது, மற்றது எண்ண முடியாதது. ஓர் அரை அரூபப் படத்தில் இந்த வேறுபாட்டை வெறும் செங்குத்துக் கோடுகளின் இடைவெளியாலேயே காட்டிவிடலாம். ஓர் இலை தேவையில்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரப்பர் இலையுதிர்த்துத் தளிர்க்கும்போது மலைச்சரிவில் செம்பு நிறத் திட்டுகள் வருகின்றன. இயற்கைக் காட்டின் எல்லை அப்போதுதான் கோடு போட்டதுபோலத் தெரியும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்துப்போன பிறகு அந்தச் செங்குத்துக் கோடுகள் பல தோட்டங்களில் சாய்கோடுகளாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, கோட்டின் சாய்வு மட்டுமே எவ்வளவு துயரத்தைச் சொல்லும் என்று விளக்க வேண்டியதில்லை.

இனி என் கருத்துகள். சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் அமைதி என்று நிறங்களுக்கு நிலையான அர்த்தம் சொல்வதை நான் நம்பவில்லை. பேச்சிப்பாறையின் செம்மண் பட்டை விவசாயிக்கு வறட்சியின் அளவு, படகில் போகிறவருக்கு இறங்கும் கரை. அரூபத்துக்குப் போவது ஆன்மிக முன்னேற்றம் என்ற பேச்சிலும் எனக்கு ஐயம் உண்டு. அரை அரூபத்திலிருந்து முழு அரூபத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். நிக்கோலா தெ ஸ்தாயெல் போல அரூபத்திலிருந்து நிலக்காட்சியை நோக்கித் திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். 1953இல் சிசிலிக்குப் போய்வந்து அவர் வரைந்த நிலங்களில் வானமே சிவப்பாக, சாலையும் மேடும் சில ஆப்பு வடிவங்களாக இருக்கின்றன. முன்னே, பின்னே என்று இதில் படிநிலை ஒன்றும் இல்லை. இந்த இடத்தைப் பார்த்தே இராதவருக்கு அந்தப் படம் எவ்வளவு தூரம் போய்ச் சேரும் என்பதும் திறந்த கேள்விதான். தாயாருக்குப் பேச்சிப்பாறையாகத் தெரிந்தது, டில்லியிலிருந்து வருபவருக்கு நல்ல நிறச் சேர்க்கையாக மட்டும் தெரியலாம். அது குறை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் படம் அவரையும் சற்று நேரம் நிறுத்திவைக்க வேண்டும். அந்தப் பொறுப்பு இடத்துடையது அல்ல, ஓவியருடையது.

எப்படித் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். புகைப்படத்திலிருந்து தொடங்காதீர்கள். புகைப்படத்தை மங்கலாக்கி அதன்மேல் திட்டுகளை வைக்கும் படங்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். அவற்றில் கேமரா லென்ஸின் விகிதம்தான் இருக்கிறது, உங்கள் கண்ணின் விகிதம் இல்லை. தூரத்து மலையை லென்ஸ் சிறிதாக்கிவிடுகிறது, நினைவு அதைப் பெரிதாகவே வைத்திருக்கிறது. எனவே ஒரு நாள் அணைக்கரைக்குப் போய், ஒன்றும் வரையாமல், வேண்டிய மட்டும் பார்த்துக்கொண்டு திரும்புங்கள். மறுநாள் காலை வீட்டில் அஞ்சலட்டை அளவுத் தாளில் நினைவிலிருந்து வரையுங்கள். நினைவு விட்டுவிட்டவை பெரும்பாலும் விடத்தக்கவை. நினைவு பெரிதாக்கியவற்றைக் கவனமாகப் பாருங்கள். அங்கேதான் உங்கள் பேச்சிப்பாறை இருக்கிறது. பிறகு மீண்டும் கரைக்குப் போய் ஒப்பிடுங்கள். ஒப்பிடுவது திருத்துவதற்காக இல்லை. எங்கே வேறுபடுகிறது, ஏன் வேறுபடுகிறது என்று தெரிந்துகொள்வதற்காக.

அடுத்து, நிறத்தைத் தொடாமல் கறுப்பு மையும் அகலத் தூரிகையும் கொண்டு இரண்டே டோனில் வரையுங்கள். ஒவ்வொரு பகுதியையும் இருட்டா வெளிச்சமா என்று தீர்மானித்தே ஆக வேண்டும். நடுவில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. இது கசப்பான பயிற்சி. என்னிடம் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் இதில்தான் முகம் சுளிப்பார்கள். ஆனால் வேறு எந்தப் பயிற்சியும் இவ்வளவு விரைவாகக் கண்ணைத் திருத்துவதில்லை. அதன்பின் பழைய செய்தித்தாளைக் கையால் கிழித்துப் பட்டைகளாக ஒட்டிப் பாருங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், கிழிந்த விளிம்பு மலை விளிம்புக்கு நெருக்கமானது. ஒரு பட்டையை விரற்கடை அளவு மேலே கீழே நகர்த்தினால் இடம் எப்படி மாறுகிறது என்று அப்போது புரியும். நான் முன்பு சொன்ன விகிதத்தைக் கை கற்றுக்கொள்வது இங்கேதான்.

நிறத்துக்கு வரும்போது அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), வெள்ளை ஆகியவற்றோடு நில்லுங்கள். நீலத்தையும் சியென்னாவையும் கலந்தால் கிடைக்கும் சாம்பல்களில் நம் பாறைகளும் மழைமேகங்களும் அநேகமாக எல்லாமே அடங்கும். நீலத்தையும் ஓக்கரையும் கலந்தால் வரும் மங்கிய பச்சை, கடைப் பச்சையைவிட நம் காட்டுக்கு உண்மையானது. வாட்டர்கலரை விட வேண்டும் என்று அவசியம் இல்லை. ஆனால் வைத்து, துடைத்து, சுரண்டி, மேலே மறுபடி வைத்துப் பழக அக்ரிலிக் உதவும். கான்வாஸ் முழுவதும் முதலில் செம்மண் நிறத்தைப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் மற்ற பட்டைகளை வைத்து வாருங்கள். பட்டைகளுக்கு இடையில் அந்தச் சிவப்பை ஆங்காங்கே விட்டுவிட்டால், மண் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது என்ற உணர்வு தானாக வரும். ஆரல்வாய்மொழிக் காற்றில் அக்ரிலிக் கலக்கி முடிப்பதற்குள் தட்டிலேயே காய்ந்துவிடும். தண்ணீர் தெளிக்கும் குப்பி ஒன்று கையில் இருக்கட்டும். மழைக்காலத்தில் மேற்குப் பகுதியில் நேர் எதிர். வாட்டர்கலர் வாஷ், அதாவது நீர்த்த நிறப்பூச்சு, மணிக்கணக்கில் காயாமல் ஒன்றோடொன்று கலந்துபோகும். அதைத் தடுக்காமல், விளிம்பு கரையும் மலைகளை அந்த நாட்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளிம்புகளைப் பற்றி மட்டும் சற்றுக் கண்டிப்பாகச் சொல்கிறேன். எல்லா விளிம்பும் மங்கலாக இருந்தால் படம் சோம்பிவிடும், எல்லாம் கூர்மையாக இருந்தால் வெட்டி ஒட்டியதாகிவிடும். எந்த விளிம்பு உங்கள் இடத்தைத் தாங்குகிறதோ அதைக் கூர்மையாக வையுங்கள். பேச்சிப்பாறையில் அது நீர் செம்மண்ணைத் தொடும் கோடு. தாடகை மலையில் வானக்கோடு. மருந்துவாழ் மலையில் பாறை தென்னைகளுக்குள் இறங்கும் இடம். மற்றவை கரையட்டும்.

அடையாளச் சின்னங்களிடமும் எச்சரிக்கை தேவை. இடம் தெரியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் ஒரு படகையோ, காற்றாலையையோ, பனைமரத்தையோ மூலையில் வைத்துவிடத் தோன்றும். வைத்த உடனே பார்ப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பார்க்காமல் போய்விடுவார். குமரி மாவட்டம் என்றாலே விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும் சூரிய உதயமும்தான் என்று படங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. நாகர்கோவில் தெருவில் நின்று வடக்கே திரும்பினால் தெரியும் மலைகள் அந்தப் படங்களில் இல்லை. இத்தனைக்கும் மாவட்டப் பரப்பில் ஏறத்தாழ கால் பங்கு, சுமார் 402 சதுர கிலோமீட்டர், 2008இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தினமும் கண்ணில் படும் இந்தக் காட்டை வரைந்தவர்கள் இவ்வளவு குறைவாக இருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

காட்டுக்குள் போய் வரைய ஆசை வரும். முத்துக்குழிவயல் போன்ற மேல்மலை இடங்களுக்கு வனத்துறையின் அனுமதி இல்லாமல் போக வேண்டாம்; யானை நடமாட்டம் உள்ள பகுதிகளில் தூரிகையில் மூழ்கி உட்கார்ந்திருப்பது ஆபத்து. உங்கள் நோக்கத்துக்கு அணைக்கரையும் சாலையோரமுமே தாராளம்.

வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் கன்னிப்பூ நெல் சாகுபடிக்காக அணையைத் திறப்பார்கள். அதற்கு முந்திய வாரங்களில் செம்மண் பட்டை நன்றாக அகன்றிருக்கும். மழை பிடித்து அணை நிறைந்தபின் அதே இடத்தில் நின்று இன்னொரு தொகுதி வரையுங்கள். பட்டை இல்லாத பேச்சிப்பாறையை எது பேச்சிப்பாறையாக வைத்திருக்கிறது என்று தேட வேண்டிவரும், அந்தத் தேடல் முதல் தொகுதியைவிடக் கடினமானது. இரண்டு தொகுதியிலிருந்தும் சில படங்களை, தலைப்போ விளக்கமோ இல்லாமல், முதலில் தாயாருக்குக் காட்டுங்கள். அவர் சொன்னதையும் சேர்த்து இங்கே பதிவிடுங்கள். டோன் தெரிய வேண்டும் என்பதால், படங்களை நேர் வெயிலில் வைக்காமல், நிழலான திண்ணையில் வைத்துப் புகைப்படம் எடுங்கள். விகிதமும் விளிம்பும் பற்றி அப்போது இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.